ரெண்டு பக்கமும் போன மனிதர்

வில்லியம்ஸ்டவுன் ஸ்டேஷன் வாசலில் மூன்றாவது சாட்சியும் கையைத் தூக்கி வேறு பக்கம் காட்டியபோது ஜோசெட்டுக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தப் பக்கம்தாம்மா வந்தார். நியூபோர்ட்லேர்ந்து வில்லியம்ஸ்டவுனுக்கு. மதியம் நாங்க மேட்சுக்கு வந்தப்போ எங்க ரயில் பெட்டியிலதான் இருந்தார்," என்றாள் அந்தப் பெண். ஃபுட்டி என்கிற உள்ளூர்க் கால்பந்து ஆடி முடித்து, சேறு அப்பிய ஜெர்சியோடு இரண்டு பிள்ளைகள் அவள் கைக்கு ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தாள். ஆனாலும் நின்று நிதானமாகச் சொன்னாள். சிவப்பு வெள்ளை நீலத்தில் புல்டாக்ஸ் அணி மஃப்ளர். தோளில் கிழிந்த பச்சைக் கோட்டு. வெள்ளை மீசை.

சந்தேகமே இல்லை. அப்பாதான்.

ஆனால் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால், தூண்டில் கம்போடு வந்த ஒரு இளைஞன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான், இதே ஆள் எதிர்ப்பக்கம், நியூபோர்ட்டை நோக்கிப் போனார் என்று. அவனுக்கு முன்னால் ஒரு நாய்க்காரம்மா, காலையில் அவரை வில்லியம்ஸ்டவுன் பக்கம் போகும் ரயிலில் பார்த்தாளாம். ஒருத்தர் அங்கே போனார் என்கிறார். ஒருத்தர் இங்கே வந்தார் என்கிறார். எல்லோரும் அடையாளத்தைச் சரியாகச் சொல்கிறார்கள், திசையைத் தவிர.

"பசங்க அவருக்கு ஜெல்லிப் பாம்பு மிட்டாய் குடுத்தாங்க," என்றாள் அந்தப் பெண். "ரெண்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் தூங்கிட்டார், பாவம்."

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவள் உள்ளே பிளாட்ஃபாரத்துக்குப் போய்விட்டாள். ரயில் நின்றுகொண்டிருந்தது.

தூங்கிட்டார். அந்தச் சொல்தான் ஜோசெட்டைப் பயமுறுத்தியது. காலையில் அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட்டது அவள்தான். அம்மா தன் அக்காவின் காரியத்துக்கு மால்டா போயிருந்தாள். ஒரு வாரத்துக்கு ஊசி, மாத்திரை, அப்பா எல்லாமே பதினாறு வயசு ஜோசெட்டின் பொறுப்பு. ஊசியைப் போட்டு, டோஸ்ட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் டோஸ்ட் இருக்கிறது, அப்பா இல்லை. மருந்து உடம்புக்குள்ளே, சாப்பாடு மேஜைமேலே. சர்க்கரை இறங்க இறங்க மனுஷன் முதலில் உளறுவார், அப்புறம் வியர்த்துக் கொட்டும், அப்புறம் தூங்குகிற மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவர்கள் தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து எல்லோரும் எழுந்துகொள்வதில்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"நோரீன், ஏதாவது பண்ணுங்க," என்றாள் ஜோசெட்.

நோரீன் கடிஹி ஈரக் குடையை மடக்கித் தரையில் ஒரு குத்து குத்தினாள். முப்பது வருஷம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, இப்போது நியூபோர்ட்டில் மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். பழைய தொழில் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்ப்பாள், டிக்கெட் இருக்கிறதா என்று. போலீஸ் புகாரை எழுதிக்கொண்டு கடற்கரையோரம் ஒரு காரை அனுப்பியிருந்தது. ஜோசெட்டுக்கு அது போதவில்லை. தெருவில் விளக்கு எரிந்த முதல் மாடிக்கு ஓடி ஏறியிருந்தாள்.

"ஒண்ணு, அவரு ரெட்டைப் பிறவி," என்றான் வின். நோரீனின் உதவியாளன். ஃபுட்ஸ்க்ரேயில் பிறந்த வியட்நாமியப் பையன். நூடுல்ஸ் சாப்பிடும்போதுகூட வாயை மூட மாட்டான். "இல்ல, இந்த ஊரு சனத்துக்கு இடது வலது தெரியாது. நான் ரெண்டாவதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்."

"வாயை மூடு, வின்."

"மூடிட்டா அப்புறம் யாரு பாஸ் யோசிக்கிறது?"

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மெயின் லைனில் தண்டவாள வேலை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் மாற்று பஸ்ஸில் நசுங்கி நியூபோர்ட்டில் வந்து விழுந்தார்கள். இந்தக் கிளை லைனில் மட்டும் ஒற்றை ரயில் ஒன்று, நியூபோர்ட்டுக்கும் வில்லியம்ஸ்டவுனுக்கும் நடுவே, தறியில் நாடா மாதிரி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இடையில் இரண்டே ஸ்டேஷன். ஒரு மனுஷன் தொலைந்துபோக இதைவிடச் சின்ன இடம் மெல்போர்னில் கிடையாது. அப்படியும் தொலைந்துபோயிருந்தார்.

காலையில் நோரீனுக்கு எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. கொஞ்ச நாளாக அப்பா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டாள். ஜோசெட் சொன்னாள்: பியருக்கு நேரமாச்சு, பியருக்கு நேரமாச்சு என்று விடிகாலையில் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொள்வார். அம்மா அதைக் கழற்றி வைப்பாள். நோரீன் விரலைச் சொடுக்கினாள். வில்லியம்ஸ்டவுனைத் தாண்டி ஒரு காலத்தில் இன்னொரு ஸ்டேஷன் இருந்தது. கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில், பியர் ஸ்டேஷன். பியர் என்றால் கப்பல் துறை. ஜோசெட்டின் அப்பா சென்சு கமிலேரி அந்தப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். தினமும் அங்கேதான் இறங்குவார். அந்தத் துண்டு லைனை மூடி, ரயிலை வில்லியம்ஸ்டவுனோடு நிறுத்தியபோது ஜோசெட் பிறக்கவே இல்லை.

ஆகவே பழைய ஸ்டேஷன் இருந்த இடத்துக்குப் போனார்கள். அங்கே தண்டவாளமும் இல்லை, பிளாட்ஃபாரமும் இல்லை. அடுக்குமாடி வீடுகளும் பூச்செடியும்தான் இருந்தன. நோரீன் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பைஜாமாவோடு வந்த ஒருவர், இங்கே ரயில்வே ஸ்டேஷன் இருந்ததே எனக்குத் தெரியாது, வீட்டை விற்றவன் சொல்லவில்லையே என்று கோபப்பட்டார். படகுத்துறையில் கடற்பறவைகள் மட்டும் இருந்தன. காணாமல் போன ஸ்டேஷனில் காணாமல் போன ஆளைத் தேடுவதற்கு டபுள் கூலி வாங்க வேண்டும் என்று வின் முணுமுணுத்தான். அப்புறம் தூண்டில்காரன் பேச்சைக் கேட்டு நியூபோர்ட்டுக்கு ஓடினார்கள். அங்கே மாற்று பஸ்கள் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி வில்லியம்ஸ்டவுன். இப்போது ஃபுட்டி அம்மா.

நாள் முழுக்க இதே கதைதான். துப்பு கிடைக்கும், ஓடுவார்கள், சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜோசெட்டின் முதுகுப்பையில் ஜூஸ் பாக்கெட்டும் ஊசிப் பெட்டியும் காலையிலிருந்து சும்மா குலுங்கிக்கொண்டிருந்தன. மால்டாவிலிருந்து அம்மா இரண்டு தடவை போன் அடித்துவிட்டாள். ஜோசெட் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

மூவரும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாசலில் காபி வண்டி வைத்திருந்தவளை நோரீன் நாலாவது தடவையாக விசாரித்தாள். காலையிலிருந்து இதே இடத்தில்தான் நிற்கிறேன், மஃப்ளர் போட்ட கிழவர் யாரும் வெளியே வரவில்லை, இன்னொரு தடவை கேட்டால் காபிக்கு விலையை ஏற்றிவிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"வந்தார்ங்கிறாங்க. ஆனா வெளிய வரல," என்றாள் நோரீன். "பறந்தா போனாரு?"

"கார்டு?" என்று கேட்டான் வின்.

அதுவும் முட்டுச்சுவர்தான். நோரீனின் பழைய சகா ஒருவர் கணக்கைப் பார்த்துப் போனில் சொல்லியிருந்தார். சென்சுவின் பயணக் கார்டு காலையில் நியூபோர்ட்டில் உள்ளே போகத் தட்டப்பட்டிருக்கிறது. வெளியே வரத் தட்டப்படவில்லை, எங்கேயும். நோரீன் அதை அப்போதே ஒதுக்கிவிட்டாள். வெளியே வரும்போது கார்டைத் தட்டாமல் போவது இந்த ஊரின் தேசிய விளையாட்டு. தட்டாவிட்டாலும் கட்டணம் அதேதான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதில் துப்பு என்ன இருக்கிறது?

"அப்பா தட்டுவார்," என்றாள் ஜோசெட்.

"என்ன கண்ணு?"

"அப்பா எப்பவும் தட்டுவார். பீப் சத்தம் வந்துச்சான்னு என்கிட்ட கேட்டு, திரும்ப ஒரு தடவை தட்டுவார். பின்னாடி நிக்கறவங்க எல்லாம் திட்டுவாங்க. எனக்கு மானமே போகும்."

"இத ஏன் காலையில சொல்லல?"

"நீங்க கேக்கல. தேசிய விளையாட்டுன்னு சொல்லிட்டு போனை வச்சிட்டீங்க."

வின்னுக்கு அது பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

"அதான் பாஸ் உங்க வியாதி. முப்பது வருஷம் கேட்டுல நின்னு, வெளிய வர்றவன் மூஞ்சியை மட்டும் பாத்தீங்க. உள்ளயே உக்காந்திருக்கிறவன் உங்க கணக்குல மனுஷனே இல்ல."

சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். நோரீன் சிரிக்கவில்லை. குடையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பச் சொல்லு," என்றாள்.

"எதை?"

"கடைசியா சொன்னதை. வேணாம், விடு." அவள் மெதுவாக எழுந்து நின்றாள். "நாம எல்லா தடவையும் இங்க எறங்கினதும் என்ன பண்ணோம்? கேட்டைப் பாத்தோம். வெளிய யாரு போறாங்கன்னு பாத்தோம். ரயிலைத் திரும்பிப் பாக்கவே இல்ல. ஏன்?"

"இது கடைசி ஸ்டேஷன் பாஸ். எல்லாரும் எறங்கிடுவாங்க. காலி ரயில்ல என்ன இருக்கும்?"

"ஏன் எல்லாரும் எறங்குவாங்க?"

"கடைசின்னு தெரியும்ல."

ஜோசெட்டின் கை தானாகவே நோரீனின் கோட்டைப் பிடித்தது. இன்னும் முழுசாக நினைக்கக்கூட இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"அப்பாவுக்கு இது கடைசி இல்ல. அவருக்கு இன்னும் ஒரு ஸ்டேஷன் இருக்கு. பியர் வரட்டும்னு உள்ளயே உக்காந்திருக்காரு."

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பிளாட்ஃபாரத்தில் கதவுகள் மூடும் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஜோசெட் ஓடினாள். கையால் கண்ணாடியை அறைந்தாள். ரயில் அவள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து நழுவி நகர்ந்தது. எந்தப் பெட்டி என்று பார்ப்பதற்குள் மழைக்குள் போய்விட்டது.

அவ்வளவுதான் சங்கதி. ரெண்டு பக்கமும் போனது அப்பா இல்லை, ரயில். அவர் காலையிலிருந்து ஒரே சீட்டில் இருந்தார். வில்லியம்ஸ்டவுன் வரும், எல்லோரும் இறங்குவார்கள், அவர் பியருக்காகக் காத்திருப்பார். டிரைவர் ஒரு முனையில் இறங்கி, பிளாட்ஃபாரத்தில் நடந்து, மறுமுனையில் ஏறிக்கொள்வார். ரயில் பின்பக்கமாகக் கிளம்பி நியூபோர்ட்டுக்குப் போகும். அங்கிருந்து மறுபடி வில்லியம்ஸ்டவுன், மறுபடி காத்திருப்பு. ஞாயிற்றுக்கிழமை மழையில், ரயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கிழவரை யார் எழுப்பி விசாரிப்பார்கள்? மூன்று சாட்சிகளும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

"நாம மூணு தடவை இந்த ரயில்ல வந்திருக்கோம்," என்றான் வின். அவன் குரல் இறங்கியிருந்தது. "மூணு தடவையும் அவரோடவே வந்திருக்கோம்."

வில்லியம்ஸ்டவுனில் வெளிவாசல் முன்பக்கம் இருக்கிறது. தினமும் போகிறவர்கள் முன்பெட்டியில்தான் ஏறுவார்கள். நோரீனுக்கும் கால் தானாக அங்கேதான் போயிருந்தது. ரயிலோ இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பூட்டியது, ஒன்றிலிருந்து மற்றதுக்கு உள்ளே வழி கிடையாது. பட்டறை ஆட்கள் எல்லாம் கடைசிப் பெட்டியில் ஏறிச் சீட்டாடிக்கொண்டே போவோம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஜோசெட் அப்போதெல்லாம் போனில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு சரிப்பா சரிப்பா என்பாள்.

தூணில் இருந்த உதவிப் பொத்தானை நோரீன் அமுக்கினாள். எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. முதலிலிருந்து சொல்லச் சொன்னது. நோரீன் சொன்னாள். பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டது. சொன்னாள். டிரைவருக்குத் தகவல் சொல்ல முயற்சி செய்கிறோம், ஆம்புலன்ஸுக்கும் சொல்கிறோம், நீங்கள் அங்கேயே இருங்கள் என்றது. நியூபோர்ட்டில் யாராவது ஏறிப் பார்க்க முடியாதா என்று நோரீன் கேட்டாள். ஊழியர்கள் எல்லோரும் மாற்று பஸ் வரிசையில் இருக்கிறார்கள் என்று குரல் சொன்னது. முப்பது வருஷம் அந்தக் குரலின் பக்கம் நின்று பேசியவள் நோரீன். அதனால் திட்டக்கூட முடியாமல் பொத்தானை வெறித்துப் பார்த்தாள்.

நோரீனின் கார் நியூபோர்ட்டில் இருந்தது. டாக்சிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொன்னார்கள். ரயில் போய்த் திரும்பி வருவதற்குள் எதுவும் வராது. எனவே ரயிலுக்காகவே நின்றார்கள்.

வின் அதற்கப்புறம் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஜோசெட்டுக்கு அதுதான் இன்னும் பயத்தைக் கிளப்பியது. தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். அவள் ஜூஸ் பாக்கெட்டில் குழாயைக் குத்தி, எடுத்து, மறுபடி குத்தினாள். ஜூஸ் கொஞ்சம் கையில் வழிந்தது.

"நான் குளிக்கப் போயிருக்கக் கூடாது," என்றாள்.

"குளிக்கறது குத்தம்னா என்னை என்னிக்கோ விடுதலை பண்ணியிருக்கணும்," என்று வின் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டான்.

தண்டவாளம் லேசாக முனகியது. வளைவில் விளக்கு தெரிந்தது. ரயில் எவ்வளவு மெதுவாக ஒரு பிளாட்ஃபாரத்துக்குள் நுழைய முடியும் என்பதை அன்றைக்குத்தான் ஜோசெட் பார்த்தாள். நிற்பதற்கு முன்னாலேயே மூவரும் பின்பாதியை நோக்கி ஓடினார்கள். முன்னால் நோரீன், அந்த வயசிலும்.

கடைசிப் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு சிறுமி நின்றிருந்தாள். சேறு அப்பிய ஜெர்சி. "அம்மா, அவங்க வந்துட்டாங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

ஃபுட்டி அம்மா நியூபோர்ட்டில் இறங்கவே இல்லை. பிள்ளைகள் வழக்கம்போலக் கடைசிப் பெட்டிக்கு ஓடியிருக்கிறார்கள், அங்கே அதே தாத்தா அதே சீட்டில் இருந்திருக்கிறார். உலுக்கினால் கண்ணைத் திறக்கவில்லை, சட்டையெல்லாம் வியர்வை. தன் மாமனாருக்கும் இதே சர்க்கரைதான் என்றாள். தன் பையிலிருந்த தேனை ஈறில் தடவி, முழுங்க ஆரம்பித்ததும் பிள்ளைகளின் எலுமிச்சை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அப்புறம் மிச்சமிருந்த பாம்பையெல்லாம் ஊட்டியிருக்கிறாள். அவர் வீட்டில் யாருக்குச் சொல்வது என்று நம்பர் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றது மட்டும் ஞாபகம். அதனால் அதே ரயிலில் திரும்பி வந்துவிட்டாள்.

"இப்ப பரவாயில்ல," என்றாள். "நல்லா பேசுறார். பட்டறை, சீட்டாட்டம் எல்லாம் சொன்னார். என் சின்னவனைத் தோக்கடிச்சிடுவாராம்."

நோரீன் கதவில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள். அவள் முகத்தில் கேஸ் முடிந்த களை வந்திருந்தது. வின் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

அப்பா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நிறம் இருந்தது. கை நடுங்கவில்லை. கண் தெளிவாக இருந்தது. சர்க்கரை இறங்கினால் அந்தக் கண் எப்படி மங்கிப் போகும் என்று ஜோசெட்டுக்குத் தெரியும். இப்போது அப்படி இல்லை. அவர் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"பா," என்றாள். ஜூஸ் பாக்கெட்டை நீட்டினாள்.

அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார். நன்றி என்றார். பக்கத்து சீட்டிலிருந்த மஃப்ளரை எடுத்து மடியில் போட்டு, அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ரயிலில் தெரியாத பெண்பிள்ளைக்கு ஒரு நல்ல மனுஷன் எப்படி இடம் கொடுப்பாரோ அப்படி.

அவள் உட்கார்ந்தாள். சர்க்கரை ஏற இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். நர்ஸ் சொல்லியிருக்கிறாள், சில பேருக்கு நேரம் ஆகும். பத்து நிமிஷம் போகட்டும். ஜோஸி என்று கூப்பிடுவார்.

அப்பா அவள் பக்கம் குனிந்தார். ஈரத் தலைமுடியையும், பெரிய ஜாக்கெட்டையும், சிவந்த கண்ணையும் பார்த்து அவர் மனசு இளகிவிட்டது தெரிந்தது.

"தனியாவா வந்தே பாப்பா?" என்றார். "நீ எங்க எறங்கணும்?"